வாங்கிய கேம்களை வீட்டு டிஸ்க்கில் இறக்கிவைக்க எந்த வழி? அறுந்து அறுந்து வரும் நெட்டுக்கு ஓர் ஒப்பீடு

ஜிஓஜி, ஸ்டீம் என்ற ஆன்லைன் கம்ப்யூட்டர் கேம் கடைகளில் வருடக்கணக்காகக் கேம் வாங்கிச் சேர்த்தவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்த எண்ணம் வந்துவிடும்: காசு கொடுத்து வாங்கியதெல்லாம் யாருடைய சர்வரிலோதானே கிடக்கிறது, ஒரு பிரதி நம் கையில் இருந்தால் என்ன? நியாயமான எண்ணம்தான். நின்டெண்டோ தன் 3டிஎஸ், வீ யூ கேம் கருவிகளுக்கான ஆன்லைன் கடைகளில் விற்பனையை 2023 மார்ச் 27 அன்று நிறுத்தியது. எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலை 29 அன்று மூடப்பட்டது. இந்த இரண்டிலும் ஏற்கெனவே வாங்கியதை மறுபடி இறக்கிக்கொள்ளவாவது விட்டார்கள். ‘தி க்ரூ’ கேமை வாங்கியவர்களுக்கு அதுவும் இல்லை. யூபிசாஃப்ட் அதன் சர்வர்களை 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியது, பிறகு வாங்கியவர்களின் உரிமத்தையே எடுத்துவிட்டது. டிஜிட்டல் கடையில் நீங்கள் வாங்குவது உரிமம் மட்டும்தான் என்பதை வாங்கும் இடத்திலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் சட்டமே இருக்கிறது.

வேலையில் இறங்கும்போதுதான் சிக்கல் தொடங்கும். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. நடுவில் சித்திரையில் கோடை இடி. தோப்பு வழியாகத் தூணுக்குத் தூண் இழுத்துக் கட்டிய ஃபைபர் மேல் ஒரு தென்னை மட்டை விழுந்தால் போதும், அந்தப் பக்கம் முழுக்க நெட் போய்விடும். 40 எம்பிபிஎஸ் லைனில் 700 ஜிபி லைப்ரரியை இறக்க, ஒரு நொடிகூட நிற்காமல் ஓடினாலும் ஏறக்குறைய 39 மணி நேரம் ஆகும். ஐப்பசி மாதத்தில் அருமனையிலோ குலசேகரத்திலோ 39 மணி நேரம் கரண்டும் நெட்டும் சேர்ந்தாற்போல் இருக்கும் என்று இங்கே யாரும் கணக்குப் போடமாட்டார்கள்.

அதனால் இந்த ஒப்பீட்டில் வேகத்தை நான் எடுத்துக்கொள்ளவில்லை. எந்த வழியில் போனாலும் வேகம் உங்கள் லைன் தருவதுதான். பார்க்க வேண்டியவை இரண்டு. டவுன்லோட் பாதியில் அறுந்தால் எந்த இடத்திலிருந்து தொடரும்? முடிந்ததாகக் காட்டும் ஃபைல் உண்மையிலேயே முழுசாக, பழுதில்லாமல் வந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்? முதல் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டாவதைக் கேட்காமல் விட்டால், கடை மூடிய பிறகு ஒரு நாள் டிஸ்க்கைச் செருகிப் பார்க்கும்போதுதான் பதில் கிடைக்கும். அப்போது அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

பிழை எங்கே என்று முதலில் பாருங்கள்

டவுன்லோட் தோற்றவுடன் வேறு மென்பொருளுக்குத் தாவுவதுதான் வழக்கம். ஆனால் கோளாறு லைனில் இருக்கலாம், டிஸ்க்கில் இருக்கலாம், கம்ப்யூட்டரில் இருக்கலாம், கடையின் சர்வரிலும் இருக்கலாம். டிஸ்க்கில் இருக்கும் கோளாற்றை எந்த மென்பொருளாலும் தீர்க்க முடியாது.

லைனைப் பார்ப்பது எளிது. ஃபைபர் மோடத்தின் முகப்பில் பான் என்றும் லாஸ் என்றும் இரண்டு விளக்குகள் இருக்கும். லாஸ் சிவப்பாக மின்னினால் வெளிச்சமே உங்கள் வீடு வரை வரவில்லை என்று பொருள். ஃபைபர் எங்கோ அறுந்திருக்கிறது, இல்லை வளைந்து நெரிந்திருக்கிறது. மோடத்தை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை, கேபிள்காரரைக் கூப்பிட வேண்டியதுதான். பான் பச்சையாக நிலைத்து நிற்கிறது, லாஸ் அணைந்திருக்கிறது, ஆனால் நெட் விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் லாகின் இணைப்பு விழுந்திருக்கிறது. அதற்கு ரீஸ்டார்ட் போதும். எல்லா விளக்கும் ஒழுங்காக எரிந்தும் டவுன்லோட் மட்டும் நின்றால் கோளாறு லைனில் இல்லை. இந்த மூன்றையும் பிரித்துத் தெரிந்துகொண்டாலே பாதி அலைச்சல் குறையும்.

கரண்ட் போவதற்கும் நெட் போவதற்கும் உள்ள தொடர்பையும் கவனியுங்கள். பல நேரம் வெளியே ஃபைபர் நன்றாகவே இருக்கும், வீட்டில் மோடத்துக்குக் கரண்ட் இல்லாததால்தான் டவுன்லோட் அறுகிறது. லேப்டாப்புக்கு பேட்டரி உண்டு, மோடத்துக்குக் கிடையாது. மோடத்துக்கென்றே விற்கும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்றை வாங்கி வையுங்கள். வாங்குமுன் மோடம் அடாப்டரின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். இந்தக் கட்டுரையில் வரும் எந்த மென்பொருளைவிடவும் இந்தச் சின்னப் பெட்டி அதிகப் பிழைகளைத் தடுக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்தது டிஸ்க். பென்டிரைவும் பழைய எக்ஸ்டர்னல் டிஸ்க்கும் ஃபேட்32 வடிவத்தில் இருக்கலாம். அந்த வடிவத்தில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொட முடியாது. டிஸ்க்கில் 500 ஜிபி காலி இருந்தாலும் ‘இடமில்லை’, ‘ஃபைல் பெரிதாக இருக்கிறது’ என்று பிழை வரும். இடம் இருந்தும் இடமில்லை என்று சொன்னால் உடனே டிஸ்க்கின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து ஃபைல் சிஸ்டம் என்ன என்று பாருங்கள். விண்டோஸ் மட்டும் பயன்படுத்துபவர்களுக்கு என்டிஎஃப்எஸ் போதும், மேக்கிலும் செருக வேண்டுமென்றால் எக்ஸ்ஃபேட். மாற்ற ஃபார்மட் செய்ய வேண்டும், உள்ளே இருப்பதெல்லாம் அழியும், ஆகவே முதலில் அதை வேறெங்காவது எடுத்து வையுங்கள். குளச்சல், முட்டம் மாதிரிக் கடலோர ஊர்களில் இன்னொன்றும் உண்டு. உப்புக்காற்றில் யூஎஸ்பி முனை பச்சை பூத்துப் போய், கேபிளைக் கொஞ்சம் அசைத்தாலே டிஸ்க் விட்டுவிட்டு வரும். ‘டிஸ்க் ரைட் எரர்’ வந்தால் கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பார்க்காமல் வேறெதையும் தொடாதீர்கள்.

கம்ப்யூட்டர் பக்கம் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்லீப் செட்டிங்கை அணையுங்கள். சேமிக்கும் இடத்தைச் சின்னப் பாதையாக வையுங்கள், ஏனென்றால் விண்டோஸில் பாதை 260 எழுத்தைத் தாண்டினால் பல மென்பொருள்கள் ஃபைலை எழுதத் திணறும். ஆன்டிவைரஸ் எதையாவது தனியே பிடித்து வைத்திருக்கிறதா என்று அதன் பட்டியலைப் பாருங்கள்.

கடை பக்கத்துப் பிழைகள் எண்ணாக வரும். 403 என்றால் அனுமதி இல்லை. டவுன்லோட் லிங்க்குக்கு ஆயுள் குறைவு. காலையில் தொடங்கியதை மாலையில் தொடர முயன்றால் லிங்க் காலாவதியாகியிருக்கும். உங்கள் கணக்குக்கு ஒன்றும் ஆகவில்லை, புதிய லிங்க் எடுத்தால் போதும். 429 என்றால் குறுகிய நேரத்தில் நிறையக் கேட்டுவிட்டீர்கள், சற்று நேரம் விட்டுவிட்டு, ஒரே சமயத்தில் இறங்கும் எண்ணிக்கையைக் குறையுங்கள். 503 என்றால் அவர்கள் சர்வர் திணறுகிறது. பெரிய தள்ளுபடி விற்பனை நடக்கும் நாள்களில் லைப்ரரி முழுக்க இறக்க உட்காராமல் இருப்பது நல்லது.

வழி ஒன்று: பிரவுசரில் ஒவ்வொன்றாக

ஜிஓஜி 2008-இல் தொடங்கிய நாளிலிருந்து பூட்டில்லாத, அதாவது கடையின் அனுமதி கேட்காமலே ஓடும் கேம்களைத்தான் விற்கிறது. கணக்கில் நுழைந்து கேமைத் திறந்தால் ஆஃப்லைன் இன்ஸ்டாலர்கள், அதாவது நெட் இல்லாமலே கேமை இன்ஸ்டால் செய்ய உதவும் ஃபைல்கள், வரிசையாக இருக்கும். சொடுக்கி இறக்கலாம். புதிதாக எதையும் கற்க வேண்டாம், எந்த மென்பொருளும் தேவையில்லை. இதன் நன்மை இவ்வளவுதான், ஆனால் சின்ன லைப்ரரிக்கு இதுவே பெரிய நன்மை.

பெரிய கேம்கள் துண்டுகளாக வரும். ‘செட்டப்’ என்று தொடங்கும் ஓர் எக்ஸி ஃபைல், கூடவே பெயரில் 1, 2, 3 என்று எண் போட்டு .bin என்று முடியும் ‘பின்’ ஃபைல்கள். ஒவ்வொரு துண்டும் பெரும்பாலும் 4 ஜிபி வரை இருக்கும். 40 எம்பிபிஎஸ் லைனில் ஒரு துண்டு இறங்க 13 நிமிடம் போல ஆகும், நடுவில் அறுந்து முதலிலிருந்து தொடங்கினாலும் பெரிய இழப்பில்லை. 10 எம்பிபிஎஸ் என்றால் அதே துண்டுக்கு ஏறத்தாழ 53 நிமிடம். அங்கேதான் பிரவுசர் கைவிடுகிறது. அறுந்த டவுன்லோடைத் தொடரும்போது பிரவுசர் ‘இந்த இடத்திலிருந்து மீதியைத் தா’ என்று சர்வரிடம் கேட்கும், அதற்குள் லிங்க் காலாவதியாகியிருந்தால் 403. மறுபடி முதலிலிருந்து.

அதைவிடப் பெரிய குறை, சரிபார்க்க வழி இல்லாதது. தக்கலையில் இருக்கும் என் சித்தப்பா மகன் ஒரு நாள் போனில் கேட்டான்:

“அண்ணா, எல்லாம் எறக்கியாச்சு. இன்ஸ்டால் பண்ண போனா செட்டப் ஃபைல் கரப்ட்னு காட்டுது. எல்லாத்தையும் மறுபடி எறக்கணுமா?”

“வேண்டாம் மக்களே. ஃபோல்டர தொறந்து ஒவ்வொரு பின் ஃபைலும் எவ்வளவு சைஸ்னு வாசி பாப்போம்.”

வாசித்தான். முதல் துண்டும் மூன்றாவது துண்டும் ஒரே அளவு. கடைசித் துண்டு சிறியது. இரண்டாவது மட்டும் 1.7 ஜிபி. அங்கேயே விடை கிடைத்துவிட்டது. கடைசித் துண்டைத் தவிர மற்ற எல்லாமே ஒரே அளவில் இருக்க வேண்டும். நடுவில் ஒன்று மட்டும் இளைத்திருந்தால் அது பாதியில் நின்றது. அந்த ஒன்றை மட்டும் மறுபடி இறக்கினால் போதும். பிரவுசர் வழியில் போகிறவர்கள் ஒவ்வொரு கேம் முடிந்தவுடனும் ஃபோல்டரை டீட்டெய்ல்ஸ் காட்சியில் வைத்து இந்த அளவுகளை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

ஆனால் அளவு சரியாக இருந்து உள்ளே பழுதானால் இந்தப் பார்வையில் பிடிபடாது. அதற்கு இன்னோஎக்ஸ்ட்ராக்ட் என்ற இலவசக் கருவி இருக்கிறது. ஜிஓஜியின் விண்டோஸ் இன்ஸ்டாலர்கள் இன்னோ செட்டப் என்ற மென்பொருளால் கட்டப்பட்டவை. ஒவ்வொரு ஃபைலின் சரிபார்ப்பு எண்ணும் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எண், உள்ளே மாறினால் இதுவும் மாறும்) அவற்றுக்குள்ளேயே இருக்கிறது. இந்தக் கருவியை டெஸ்ட் ஆப்ஷனோடு ஓட்டினால், கேமை இன்ஸ்டால் செய்யாமலே அந்த எண்களை ஒப்பிட்டுச் சொல்லிவிடும். வலது கிளிக் செய்து எக்ஸியின் டிஜிட்டல் கையொப்பத்தைப் பார்ப்பதும் நல்லதுதான், ஆனால் அது அந்த எக்ஸிக்கு மட்டும்தான் சாட்சி. பின் ஃபைல்களைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

வழி இரண்டு: ஜிஓஜி கேலக்ஸி

கடை தரும் மென்பொருள் இது. விண்டோஸிலும் மேக்கிலும் ஓடும், லினக்ஸுக்கு இல்லை. கேமின் பக்கத்தில் கூடுதல் பொருள்களோடு ஆஃப்லைன் இன்ஸ்டாலர்களையும் இறக்கலாம், எந்த ஃபோல்டரில் சேர வேண்டும் என்பதை செட்டிங்ஸில் மாற்றிக்கொள்ளலாம். லாகின் அதன் கையில் இருப்பதால் லிங்க் காலாவதிப் பிரச்சினை உங்கள் தலையில் விழாது. அறுந்து திரும்ப வந்தால் பிரவுசரைவிட நன்றாகவே தொடரும்.

குறை என்னவென்றால், ஆஃப்லைன் இன்ஸ்டாலர் என்று வரும்போது ஒவ்வொரு கேமாகத் திறந்து ஒவ்வொன்றாகச் சொடுக்க வேண்டும். முப்பது கேம் வைத்திருப்பவருக்கு ஒரு சாயங்கால வேலை. முன்னூறு வைத்திருப்பவரிடம் இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வராது. ‘வெரிஃபை அண்ட் ரிப்பேர்’ வசதி இருக்கிறதே என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது கேலக்ஸி வழியாக இன்ஸ்டால் செய்த கேமுக்கானது, டிஸ்க்கில் நீங்கள் எடுத்து வைத்த இன்ஸ்டாலரை அது சோதிப்பதில்லை. இங்கேயும் துண்டு அளவு பார்ப்பது, இன்னோஎக்ஸ்ட்ராக்ட் ஓட்டுவது இரண்டும் தேவை.

வழி மூன்று: கமாண்டு லைன் கருவிகள்

கட்டளையைத் தட்டச்சு செய்து ஓட்டும் கருவிகள் இவை. என் தேர்வு இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இரண்டு கருவிகள் உண்டு, இரண்டும் ஓப்பன் சோர்ஸ், இரண்டுமே ஜிஓஜி வெளியிட்டவை அல்ல. ஒன்று எல்ஜிஓஜி டவுன்லோடர். லினக்ஸுக்கானது, டெபியன், உபுண்டு களஞ்சியங்களிலேயே கிடைக்கும், விண்டோஸ்காரர்கள் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி) வழியாக ஓட்டலாம். மற்றது ஜிஓஜி ரெப்போ சி. இது பைத்தான் ஸ்கிரிப்ட், பைத்தான் இருக்கும் எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடும்.

கறுப்புத் திரையைக் கண்டு பின்வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டாவதில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கட்டளைகள் நான்கே: லாகின், அப்டேட், டவுன்லோட், வெரிஃபை. அப்டேட் உங்கள் லைப்ரரி முழுவதையும் படித்து, எந்த ஃபைல், எவ்வளவு அளவு, சரிபார்ப்பு எண் என்ன என்று ஒரு பட்டியல் எழுதும். டவுன்லோட் அந்தப் பட்டியலைப் பார்த்து, இல்லாததையும் குறைந்ததையும் மட்டும் இறக்கும். வெரிஃபை டிஸ்க்கில் இருப்பதைப் பட்டியலோடு ஒப்பிடும். நெட் எத்தனை முறை அறுந்தாலும் மறுபடி டவுன்லோட் என்று ஓட்டினால் போதும். எதை எங்கே விட்டோம் என்று நீங்கள் நினைவில் வைக்க வேண்டாம். விட்டுவிட்டு வரும் நெட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை நான் பார்க்கவில்லை.

எல்ஜிஓஜி டவுன்லோடர் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஜிஓஜி தன் இன்ஸ்டாலர்களுக்கு ஒரு எக்ஸ்எம்எல் பட்டியல் தருகிறது, அதில் ஃபைல் முழுவதற்கும் எம்டி5 என்ற வகைச் சரிபார்ப்பு எண் ஒன்று இருக்கும், உள்ளே துண்டு துண்டாகவும் எண்கள் இருக்கும். ரிப்பேர் ஆப்ஷனைப் போட்டு ஓட்டினால் இந்தக் கருவி ஒவ்வொரு துண்டாகச் சோதித்து, பழுதான துண்டை மட்டும் மறுபடி வாங்கி அந்த இடத்தில் வைக்கும். சாக்கில் ஒரு தேங்காய் அழுகினால் அதை மட்டும் மாற்றுவோமே, அப்படி. 4 ஜிபி ஃபைலில் ஒரு மூலை கெட்டதற்காக 4 ஜிபியையும் மறுபடி இறக்கத் தேவையில்லை.

அதன் ஸ்டேட்டஸ் ஆப்ஷனை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். லைப்ரரியின் ஒவ்வொரு ஃபைலும் ஒரு வரியாக ஓடும், வரியின் தொடக்கத்தில் ஒரு குறி இருக்கும். ஓகே என்றால் ஃபைல் சரி. என்டி என்றால் இன்னும் இறக்கவில்லை. எஃப்எஸ் என்றால் அளவு பொருந்தவில்லை, பாதியில் நின்றிருக்கிறது. எம்டி5 என்றால் அளவு பொருந்தினாலும் உள்ளடக்கம் பொருந்தவில்லை, ஒன்று ஃபைல் கெட்டிருக்கிறது, இல்லை கடையில் புதிய பதிப்பு வந்திருக்கிறது. மழை இரவில் ஓடவிட்டுத் தூங்கியவர் காலையில் பார்க்க வேண்டிய எல்லாமே அந்தத் திரையில் இருக்கும். எஃப்எஸ் குறி போட்டதைத் தொடரவிட்டு, எம்டி5 குறி போட்டதை ரிப்பேரில் விட்டால் வேலை முடிந்தது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். லாகின் செய்யும்போது சில சமயம் கேப்சா குறுக்கே வரும். அப்போது பிரவுசரில் உள்நுழைந்து, முகவரிப் பட்டியில் வரும் நீளமான முகவரியை நகலெடுத்துக் கருவியில் ஒட்ட வேண்டும். முதல் முறை குழப்பும், பிறகு பழகிவிடும். லாகின் டோக்கன் (உங்கள் கணக்கைத் திறக்கும் சாவி போன்றது) கம்ப்யூட்டரிலேயே சேமிக்கப்படும் என்பதால் பிறர் கம்ப்யூட்டரில் இதைச் செய்யக் கூடாது. பாடல்கள், கையேடு, வால்பேப்பர் மாதிரிக் கூடுதல் பொருள்கள் பலவற்றுக்கு எம்டி5 எண் கிடைப்பதில்லை. அவை ஜிப்பாக இருந்தால் அளவையும் ஜிப்பின் உள் சோதனையையும் வைத்துத்தான் தீர்மானிக்க முடியும். கடை தன் பக்கத்தில் எதையாவது மாற்றினால் கருவி சில நாள் முடங்கவும் கூடும், அதை எழுதுபவர்கள் சரிசெய்யும் வரை காத்திருக்க வேண்டும்.

இந்த வழியில் போகிறவர்கள் முதல் ஓட்டத்துக்கு முன் இரண்டு செட்டிங்கை அவசியம் பாருங்கள். மொழியும் இயங்குதளமும் தேர்ந்தெடுக்காமல் விட்டால் உங்களுக்குத் தேவையில்லாத பதிப்புகளும் சேர்ந்து இறங்கி, டிஸ்க் நிறைந்துவிடலாம். ஒரே நேரத்தில் எத்தனை ஃபைல் இறங்க வேண்டும் என்பதையும் குறையுங்கள். பலவீனமான லைனில் நான்கு ஃபைல் பாதிபாதியாக நிற்பதைவிட ஒன்று முழுசாக முடிவது மேல். வேக வரம்பும் வைக்கலாம். பகலில் பிள்ளைகள் ஆன்லைன் வகுப்பில் இருக்கும்போது அது உதவும்.

ஸ்டீம் வேறு கணக்கு

ஸ்டீமில் டவுன்லோட் அறுவது பெரிய விஷயமே அல்ல. கேமைச் சின்னத் துண்டுகளாக இறக்கி ஒவ்வொன்றையும் அது தானே சரிபார்க்கிறது, எத்தனை முறை கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ‘கன்டென்ட் சர்வர் கிடைக்கவில்லை’ என்று வந்தால் செட்டிங்ஸில் டவுன்லோட் ரீஜியனை மாற்றுங்கள், டவுன்லோட் கேஷை அழியுங்கள். டவுன்லோட் பக்கத்தில் நெட்டுக்கும் டிஸ்க்குக்கும் தனித்தனிக் கோடுகள் ஓடும். நெட் கோடு விழுந்து டிஸ்க் கோடு உயரத்தில் நின்றால் உங்கள் லைனில் குற்றமில்லை, எக்ஸ்டர்னல் டிஸ்க் எழுதத் திணறுகிறது. கேமை உள் டிஸ்க்கில் இறக்கிவிட்டுப் பிறகு வெளி டிஸ்க்குக்கு நகர்த்துங்கள்.

சிக்கல் அதன் பிறகுதான். ஸ்டீமின் ‘பேக்அப்’ வசதி எடுத்துத் தரும் ஃபைல்களைத் திரும்ப விரிக்க ஸ்டீமும் உங்கள் கணக்கும் வேண்டும், பழைய பேக்அப் என்றால் விரித்த பிறகு மாறிய பகுதியை நெட்டிலிருந்து இறக்கவும் செய்யும். மறு டவுன்லோட் செலவைக் குறைக்க இது நல்ல வழி. கடை இல்லாத நாளுக்கு இது உதவாது. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துத்தான் ஸ்டீமுக்கு டிஸ்க் வாங்க வேண்டும். ஸ்டீமில் இருக்கும் சில கேம்கள் பூட்டில்லாதவை, அவற்றின் ஃபோல்டரை அப்படியே நகலெடுத்து வேறு கம்ப்யூட்டரில் வைத்தால் ஸ்டீம் இல்லாமலே ஓடும். எது ஓடும் என்று அறிய ஸ்டீமை முழுக்க மூடிவிட்டு, நெட்டையும் துண்டித்துவிட்டு எக்ஸியை நேராகத் திறந்து பாருங்கள். ஓடியதை மட்டும் ‘பேக்அப்’ என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர் இருந்தால், 2023-இல் ஸ்டீம் கொண்டுவந்த உள் நெட்வொர்க் மாற்று வசதி நெட் செலவில்லாமல் ஒன்றிலிருந்து மற்றதற்கு கேமை அனுப்பும். அண்ணன் தம்பி இருவரும் ஒரே கேம் விளையாடும் வீடுகளுக்கு இது பெரிய மிச்சம்.

மற்ற கேம் கடைகளில், எபிக்கில் தனி ஆஃப்லைன் இன்ஸ்டாலர் கிடையாது, அங்கும் பூட்டில்லாத கேமின் ஃபோல்டரை நகலெடுப்பது மட்டும்தான் வழி. இட்ச் தளம் நேரடி டவுன்லோட் தருகிறது, ஃபைல்களும் பெரும்பாலும் சின்னவை, பிரவுசரே போதும். ஹம்பிளில் பூட்டில்லாத கேம்களுக்கு எம்டி5 எண்ணையும் பக்கத்திலேயே காட்டுகிறார்கள். விண்டோஸில் செர்ட்யூட்டில் என்ற கட்டளை, லினக்ஸில் எம்டி5சம், இரண்டில் ஒன்றை ஓட்டி எண்ணை ஒப்பிட்டால் சந்தேகமே மிச்சமிருக்காது.

வேறு ஊர் லைனில் இறக்குவது

நாகர்கோவிலில் 200 எம்பிபிஎஸ் வைத்திருக்கும் நண்பர் வீட்டுக்கு லேப்டாப்பைக் கொண்டுபோய் இறக்குவது பலர் செய்யும் காரியம். 700 ஜிபிக்கு 8 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், நல்ல வழிதான். உங்கள் லேப்டாப், உங்கள் டிஸ்க், உங்கள் கணக்கு என்று இருக்கும்வரை எந்தச் சங்கடமும் இல்லை. போகுமுன் நண்பரிடம் மாத டேட்டா எவ்வளவு மிச்சம் என்று கேளுங்கள். ‘அன்லிமிடெட்’ என்று சொல்லும் பல ஃபைபர் பிளான்களில் மாதம் 3300 ஜிபி வரைதான் முழு வேகம். அவர் வீட்டில் மாதக் கடைசியில் படம் நின்று நின்று ஓடினால் அது நீங்கள் செய்த வேலையாகிவிடும்.

நண்பருடைய டிஸ்க்கில் ஏற்கெனவே இருக்கும் இன்ஸ்டாலரை நகலெடுத்தால் என்ன என்ற கேள்வியும் வரும். ஜிஓஜி பூட்டுப் போடாமல் தருவது வாங்கியவரை நம்பித்தான். அந்த நம்பிக்கை நிலைக்க வேண்டுமென்றால் அவரவர் வாங்கியதை அவரவர் கணக்கிலிருந்து இறக்குவதுதான் சரி. இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை.

மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இதைச் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: ஒரு நாளைக்கு 2 ஜிபி பிளானில் 700 ஜிபி என்பது ஏறக்குறைய ஒரு வருடம். தோப்புக்குள் இருக்கும் வீட்டுக்கு ஃபைபரே வரவில்லை என்றால் நண்பர் வீட்டு வழிதான் சரி.

யாருக்கு எது

இருபது கேமுக்குள், எல்லாம் சின்னவை என்றால் பிரவுசர். முடிந்தவுடன் அளவு பாருங்கள், முக்கியமானவற்றுக்கு இன்னோஎக்ஸ்ட்ராக்ட் ஓட்டுங்கள்.

முப்பது, நாற்பது கேம், கமாண்டு லைன் வேண்டவே வேண்டாம் என்பவர்களுக்குக் கேலக்ஸி. ஒரே நாளில் முடிக்க நினைக்காமல் நாளுக்கு இரண்டு மூன்று என்று போங்கள். எதை இறக்கினோம், எதைச் சோதித்தோம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

அதற்கு மேல் என்றால் மூன்றாம் வழி, தயங்க வேண்டாம். விண்டோஸ் மட்டும் தெரிந்தவர் ஜிஓஜி ரெப்போ சி எடுக்கலாம். லினக்ஸ் பழக்கம் உள்ளவர், குறிப்பாக லைன் அடிக்கடி அறுபவர், எல்ஜிஓஜி டவுன்லோடரை எடுங்கள். அந்த ரிப்பேர் வசதி ஒன்றுக்காகவே அதைக் கற்கலாம்.

கல்லூரிக்காக வெளியூர் போகும் பிள்ளைக்கு லைப்ரரியைக் கட்டிக் கொடுக்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். அவர்கள் மூன்றாம் வழியில் இறக்கி முடித்து, வெரிஃபை ஓட்டி, அந்தப் பட்டியல் ஃபைலையும் டிஸ்க்கிலேயே சேர்த்து வைத்துவிடுங்கள். லாகின் டோக்கன் ஃபைலை மட்டும் அதில் சேர்க்காதீர்கள். பட்டியல் இருந்தால் அங்கே ஒரு மாதத்துக்குப் பிறகும் கடையைத் தொடாமலே டிஸ்க்கில் எது கெட்டது, எது நல்லது என்று சோதிக்க முடியும்.

ஸ்டீம் லைப்ரரி மட்டும் உள்ளவர்கள் இதற்கென்று பெரிய டிஸ்க் வாங்குமுன், நெட்டைத் துண்டித்துச் செய்யும் அந்தச் சோதனையை உங்களுக்குப் பிடித்த பத்து கேமில் செய்து பாருங்கள். பாதிக்கு மேல் ஓடினால் டிஸ்க் வாங்குங்கள். ஓடாவிட்டால் அந்தப் பணத்தில் மோடத்துக்கு மினி யூபிஎஸ் வாங்குங்கள், மீதியை வைத்து அடுத்த விற்பனையில் அதே கேம்கள் ஜிஓஜியில் குறைந்த விலைக்கு வருகின்றனவா என்று பாருங்கள்.